துணி காயாத ஊருக்கு வரும் மீனாவுக்கு

மீனா,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை நானும் அப்பாவும் பார்த்தோம். ஓட்டுக் கூரை, வாசலில் பலா மரம், பக்கத்தில் ஜாதிக்காய் மரம், பின்கட்டை ஒட்டி ஓடை, பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய மாதிரி ஒரு பச்சை இருட்டு. ‘சூப்பரா இருக்குல்லம்மா? அட்வான்ஸ் குடுத்துரவா?’ என்று கேட்டிருந்தாய். அழகாகத்தான் இருக்கிறது. உடனே பதில் போடாததற்குக் காரணமும் அந்த அழகுதான். கைபேசியில் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் விரல் ஓடாது. கூப்பிட்டுப் பேசலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ மீதியைச் சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும். என் பேரன் இனியன் தூங்கும் நேரமாகப் பார்த்து, முழுக்க உட்கார்ந்து படி. முதலில் சொல்லிவிடுகிறேன், வர வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. செங்கோட்டைப் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு உனக்கு உத்தரவு வந்த அன்று நானும் அப்பாவும் தெரு முழுக்க அல்வா கொடுத்தோம்.

நீ இதுவரை பார்த்தது சீசன் குற்றாலம். ஆடி மாதத்தில் குடும்பத்தோடு வந்து அருவியில் நின்று, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி, புரோட்டா தின்று, ஈரத் துண்டோடு பஸ் ஏறுகிற குற்றாலம். அந்த ஈரத் துண்டை நீ சென்னைக்குப் போய்க் காயப் போட்டுக்கொள்வாய். இங்கே இருப்பவர்கள் அதை எங்கே காயப் போடுவார்கள் என்று யோசித்திருக்கிறாயா? ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும். காற்றோடு சாரல் வரும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும், தூறிக்கொண்டிருக்கும்போதே வெயில் அடிக்கும். குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் நனைந்திருப்போம். இப்படி மூன்று மாதம். அப்புறம் கொஞ்சம் ஓய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. சனி ஞாயிறு என்றால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் வெளியூர் வண்டிகள் நிற்கும் வரிசையில் உன் ஜீப்பும் நிற்கும். பங்குனியில் வந்து பார், அருவி இருந்த இடத்தில் பாறை வெறுமனே காய்ந்து கிடக்கும், கடைகள் பூட்டியிருக்கும், ஊர் அப்போதுதான் ஊர்க்காரர்களிடம் திரும்பி வந்தது போல இருக்கும். எனக்கு அந்தப் பங்குனிக் குற்றாலம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது பிடிப்பதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ நாமக்கல்லில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. தூத்துக்குடியை விட்டு நான் வேலை பார்த்ததே இல்லை. அப்பா அதற்குச் சில மாதம் முன்னால்தான் அளத்து வேலையை விட்டிருந்தார். முதலாளி உப்பளத்தைக் கைமாற்றிவிட்டார், புது ஆட்கள் வந்துவிட்டார்கள். ‘நீ எங்க போறியோ அங்கன நானும் வாரேன், எனக்கு இங்கன என்ன இருக்கு’ என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், நீ பிள்ளையாக இருந்தபோது கவனித்திருக்க மாட்டாய். வாலிபத்திலிருந்து அவர் சோறு வெயிலில் விளைந்த சோறு. பாத்தியில் உப்பு பூத்து வாருகிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் அந்த வாரத்து உழைப்பு கடலுக்குப் போய்விடும். ஊரே மழை வேண்டும் என்று கோயிலுக்குப் போகும்போது இவர் மட்டும் வீட்டில் இருப்பார். மேகம் கருத்தால் முகம் கருக்கும். அப்படிப்பட்ட மனிதரைக் கூட்டிக்கொண்டு சாரல் தொடங்குகிற ஆனி மாதத்தில் குற்றாலத்துக்குக் குடி வந்தேன்.

வீடு பார்த்தது நான்தான். நீ இப்போது அனுப்பியிருக்கும் வீட்டுக்கும் அதற்கும் அக்கா தங்கை போல ஒற்றுமை. அதே ஓடு, அதே பலா, அதே ஓடை. உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி முகத்தில் வந்து படிந்தது. ஆயுசு முழுக்க உப்புக்காற்றிலும் புழுதியிலும் இருந்தவளுக்கு அது சொர்க்கம் மாதிரி இருந்தது. அப்பா வாசலில் நின்று மரங்களை அண்ணாந்து பார்த்தார். ‘வானம் எங்கட்டு இருக்கு?’ என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, அதை நான் கவனிக்கவில்லை.

முதலில் துணி. கொடியில் போட்டது காயவே இல்லை. காயாத துணியை மடித்து வைத்தால் ஒரு நாற்றம் வரும், அதைப் போக்க மறுபடி துவைக்க வேண்டும், அதுவும் காயாது. அப்பாவின் வேட்டிகளில் கடுகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. தோல் செருப்பும் பெல்ட்டும் பச்சை பூத்தன. பீரோவைத் திறந்தால் பழைய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி வாடை. அப்பளம் வளைந்தது, முறுக்கு நமுத்தது, தீப்பெட்டி உரசினால் தேய்ந்ததே தவிரப் பற்றவில்லை. எங்கள் கல்யாணப் படத்தின் கண்ணாடிக்குள்ளே என் முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ படரத் தொடங்கியது. நான் காலையில் வேலைக்குப் போய்விடுவேன். வார்டில் பத்துப் பேரோடு பேசுவேன், ஊர்க்கதை கேட்பேன், சாயங்காலம் வந்து ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டீ குடிப்பேன். அப்பா பகல் முழுக்க அந்த இருட்டுக்குள் தனியாக இருந்தார். இருமத் தொடங்கினார். ‘என்ன செய்யுது?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பார்.

ஒரு நாள் குழம்புக்கு உப்பு எடுக்கப் போனால் ஜாடியில் உப்பு பாதி, தண்ணீர் பாதி. அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். ஜாடியைக் கையில் வாங்கிச் சாய்த்தார், தண்ணீர் ஒரு பக்கமாக ஓடியது. ‘அளத்துல கெடந்தவன் வீட்டுல உப்பு தண்ணியா ஓடுது’ என்றார். அதில் கோபம் இல்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்வது போலச் சொன்னார். நான், ‘கொஞ்சம் அரிசி போட்டு வச்சா சரியாயிரும்’ என்றேன். அவர் சொன்னது உப்பைப் பற்றி இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு மதியம் வேலை முடித்து வந்தேன். அப்பா சட்டை போட்டு, பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். சொல்லாமல் போகிற ஆள் இல்லை.

‘எங்க கெளம்பிட்டிய?’

‘ஊருக்கு.’

‘என்ன விசேஷம்?’

‘ஒண்ணுமில்ல. வீடு பூட்டியே கெடக்குல்லா.’

‘எப்ப வருவிய?’

வாசலில் கொடியைப் பார்த்தார். நான் நேற்றும் முந்தாநாளும் போட்ட துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. ‘துணி காஞ்சதும் வாரேன்’ என்றார். குடையை எனக்கே வைத்துவிட்டு, நனைந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனார். பையில் எங்கள் கல்யாணப் படத்தை வைத்திருந்தார் என்பது சுவரில் ஆணியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பூஞ்சணத்திலிருந்து அதைக் காப்பாற்றிக் கொண்டுபோகிறாராம்.

உன்னிடம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் இருக்கும். ‘பழைய முதலாளி கூப்பிட்டிருக்காரு, கொஞ்ச நாள் அங்கதான் இருப்பாரு.’ இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னோம், அதற்காகக் கலந்து பேசவே இல்லை. எங்களுக்குள் சண்டையும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சண்டை என்றால் யாராவது இறங்கி வந்து முடிக்கலாம். நாங்கள் தினமும் போனில் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டோம். அவருக்கு இருமல் நின்றுவிட்டது. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. மாற்றலுக்கு எழுதிக் கேட்கலாமா என்று நினைப்பேன். வார்டில் யாராவது ‘சிஸ்டர், நீங்க வந்த பெறவுதான் இங்கன பேச்சுச் சத்தமே கேக்குது’ என்பார்கள், அந்த நினைப்பு போய்விடும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிருந்தது, மீனா. அப்பா இல்லாமலும் பிடித்துப்போயிருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஜைனம்பு இருந்தாள். இப்போதும் நம் வீட்டுக்கு வருவாளே, அவள்தான். இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில். அவள் என் நிலைமையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அடுப்படிக்குள் வந்து, அடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு கட்டினாள். ‘எக்கா, வெளிய கொடி கட்டுறது பங்குனிக்குத்தான். இப்ப உள்ளதான் காயப் போடணும்’ என்றாள். மத்தியானம் கொஞ்சம் வெயில் தலைகாட்டினால் ஜன்னல் கதவெல்லாம் திறக்க வேண்டும், நாலு மணிக்கு மூடிவிட வேண்டும், பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், செருப்பைத் தட்டாமல் கால் விடக் கூடாது. இதெல்லாம் அவள் போகிற போக்கில் சொன்னவை. ஒரு தடவை தோப்பு வழியாக நடந்து வேலைக்குப் போய், வார்டில் என் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் ரத்தம் பார்த்து நானே பயந்து, பார்த்தால் காலில் அட்டை. கட்டிலில் கிடந்த அம்மாள் வலியை மறந்து சிரித்தாள். அன்று சாயங்காலம் ஜைனம்புவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ‘அண்ணாச்சி எப்பக்கா வாராவ?’ என்று கேட்டாள்.

‘வருவாவ.’

‘சண்டையா?’

‘சண்டையெல்லாம் இல்ல. தெனம் பேசுதோம்.’

‘எங்க வீட்டுல அவுக தம்மாம்ல இருந்துக்கிட்டு தெனம் சண்ட போடுதாவ. கறி வாங்குனியா, ஏன் வாங்குன, ஏன் வாங்கல. அதுலயே அவுக இங்கன இருக்க மாதிரி இருக்கும். நீங்க சண்ட கூடப் போடலியேக்கா’ என்றாள்.

அன்று போன் போட்டு அப்பாவிடம் சண்டை போடப் பார்த்தேன். வரவில்லை. ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயம். மலை மேல் பிடித்த மழை விடவில்லை. அருவிப் பக்கம் யாரையும் விடவில்லை. அதன் இரைச்சல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. பின்கட்டு ஓடை செம்மண் நிறத்தில் ஏறி முதல் படியைத் தொட்டது. ஜைனம்புவும் பிள்ளைகளும் நானும் முக்கியமானதையெல்லாம் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு வாசலில் நின்றோம். அப்பா போனில் பதறினார். ‘வீட்ட விட்டு வெளிய வந்துரு. ரோட்டு மேல நில்லு’ என்றார். ஆனால் மழை கொஞ்சம் ஓய்ந்ததுமே ஓடை இறங்கிவிட்டது. சரிவான ஊர் இது, பெய்கிற தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். நாங்கள் சேற்றைக் கழுவி, டீ போட்டுக் குடித்தோம். அப்பாவைக் கூப்பிட்டு, ‘எல்லாம் வடிஞ்சிட்டு, பயப்படாதிய’ என்று சொல்ல எடுத்தேன். போன் போகவில்லை.

அந்தத் தண்ணீர் ஆற்றோடு ஓடி எங்கே போகிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. டிவியைப் போட்டபோது தெரிந்தது. தூத்துக்குடி தண்ணீருக்குள் நின்றது. நம் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் இருக்கும் மருந்துக் கடைப் பலகை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. காலமெல்லாம் மழையை எதிரியாகப் பார்த்த மனிதர், மழைக்குத் தப்பி ஓடிய இடத்தில் மாட்டிக்கொண்டார். போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், மணியே அடிக்கவில்லை. பஸ் இல்லை, ரயில் இல்லை. நீ நாமக்கல்லிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாய். ‘அப்பா மாடியிலதான் இருப்பாரு, ஒண்ணும் ஆகாது’ என்று தெரிந்தவள் போலச் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜைனம்புவின் தம்பி லோடு வண்டி ஓட்டுகிறவர். பள்ளிவாசல் தெருப் பையன்களும் எங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து ரொட்டி, தண்ணீர், அரிசி, போர்வை என்று அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரோடு ஒரு பக்கம் திறந்ததும் கிளம்புவதாகத் திட்டம். ஜைனம்பு என் பையை அவளே கட்டிக் கொண்டுவந்து முன் சீட்டில் வைத்தாள். ‘ஏலே, எங்க அக்காவக் கொண்டுபோய் அண்ணாச்சிட்ட விட்டுட்டு வா’ என்று தம்பியிடம் சொன்னாள். அந்தப் பையில் என்ன இருந்தது தெரியுமா? அப்பாவின் வேட்டி சட்டைகள். அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டு மொடமொட என்று காய வைத்தவை.

ஊருக்குள் முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். நம் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே கட்டில் மிதந்து மூலையில் சாய்ந்திருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ, ‘அண்ணாச்சி இங்கன இருக்காவ’ என்று கத்தினார்கள். மாடியேறிப் போனேன். தெருச் சனம் பாதி அங்கே இருந்தது. அப்பா பனியனும் ஈரக் கைலியுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்து எழுந்தார். இத்தனை பேர் நடுவில் என்ன பேசுவது?

‘நீ எதுக்கு வந்த?’

‘துணி காஞ்சிட்டு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.’

பையை நீட்டினேன். வேட்டியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். துடைக்கிறாரா, அழுகிறாரா என்று மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரைக் காட்டி, ‘உங்க ஊரு மழதான், என்னத் தேடிக்கிட்டு இங்க வரைக்கும் வந்திட்டு’ என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம்தான் நாங்கள் சண்டை போட்டோம். ஜைனம்பு கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ‘இருட்டுக்குள்ள மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?’ என்று நான் கேட்டேன். ‘நீ வேலைக்குப் போயிட்டு வரும்போது ஒம் மொகம் அப்படி இருக்கும். அதப் பாத்துட்டு என்னத்தச் சொல்ல?’ என்று அவர் கேட்டார். வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டே இரண்டு மூன்று நாள் பேசினோம். கல்யாணப் படம் கிடைத்தது, கண்ணாடிக்குள் வெறும் பழுப்புக் காகிதம். பூஞ்சணம் என் முகத்தை மட்டும்தான் தின்றிருக்கும், வெள்ளம் இரண்டு பேரையுமே கொண்டுபோய்விட்டது என்று சொல்லி அவர் சிரித்தார். இப்போது நம் வீட்டுச் சுவரில் உன் கல்யாணப் படம் மட்டும் ஏன் இருக்கிறது என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

பொங்கல் கழிந்து அவர் என்னோடு கிளம்பினார். ஒரே ஒரு நிபந்தனை, வீடு அவர்தான் பார்ப்பார். ஜைனம்பு ‘இலத்தூர்ப் பக்கம் பாருங்க அண்ணாச்சி, அங்கன வானம் இருக்கும்’ என்றாள். அவர் வீடு பார்த்த விதம் தெருவுக்கே வேடிக்கை. காலையில் ஒரு தடவை போய் வீட்டு முன்னால் நிற்பார், மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். ஒரு வீட்டுக்காரர் வெளியே வந்து, ‘நீங்க யாரு, காலையில இருந்து எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிய?’ என்று அதட்டியிருக்கிறார். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம், அதட்டியவர்தான் மேல் வீட்டில் இருக்கிறார். முதல் தடவை நீ வந்தபோது, ‘குற்றாலத்துக்கு வந்து, ஒரு மரம் கூட இல்லாம இப்படி மொட்ட வீட்டுலயாம்மா இருப்பீங்க?’ என்று கேட்டாய். மரம் வேண்டும் என்றால் மாடிக்குப் போய்ப் பார்த்தால் மலை முழுக்க மரம்தான். இலத்தூர்க் குளத்துக் காற்று வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது. உப்பு உப்பாக இருக்கிறது.

அப்பாவுக்கு ஊர் உடனே பிடித்துவிடவில்லை. ஆனால் மாடி கிடைத்துவிட்டது. தெருப் பெண்கள் மல்லி, வத்தல், நல்லமிளகு காயப் போட மாடிக்கு வருவார்கள். ஆயுசு முழுக்க மேகத்தை முறைத்துப் பார்த்தவர் என்று எப்படியோ தெரிந்துபோய், ‘அண்ணாச்சி, இன்னைக்குப் போடலாமா?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்பா கையை நெற்றியில் வைத்து மேற்கே பார்த்து, ‘தாராளமாப் போடு’ என்பார். ஒரு மணி நேரத்தில் மழை வரும். கடற்கரை மேகம் வேறு, மலை மேகம் வேறு. இது கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்துவிட்டுத் திடீரென்று இறங்கும். முதல் வருஷம் அவர் சொன்னது ஒன்றுகூடப் பலிக்கவில்லை. மிளகு நனைந்துபோன மேல் வீட்டம்மா அப்பாவிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஆனாலும் கேட்பதை யாரும் நிறுத்தவில்லை. இப்போது பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறார். அதற்கு மேல் இந்த ஊர் மேகத்திடம் எதிர்பார்க்கக் கூடாது என்று அவரே சொல்கிறார். போன ஆடியில் ஒரு நாள், சாரல் விழும்போது குடையில்லாமல் மாடியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ‘கொடித் துணி எடுக்க வந்தேன்’ என்றார். கொடியில் துணியே இல்லை.

இனி உன் விஷயம். அந்த வீட்டுக்கு நீ மட்டும் போய் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. ஒரு மழை நாளில், மத்தியானம் போய்ப் பார். சுவர் அலமாரியைத் திற, உள் மூலையில் மூக்கை வைத்துப் பார். ஓடை எவ்வளவு தூரம் ஏறும் என்று பக்கத்து வீட்டாரிடம் கேள், வீட்டுக்காரரிடம் கேட்காதே. இனியனுக்கு இளைப்பு இருக்கிறது. மலைக்காற்று எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வா, நம்பிவிடாதே. புகையில்லாத காற்று அவனுக்கு நல்லது. ஆனால் ஈரச் சுவரும் பூஞ்சணமும் அவனுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதே. அவன் படுக்கும் அறையில் கட்டாயம் வெயில் விழ வேண்டும். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் நனையட்டும், உள்ளே வந்தால் காய்ந்த இடம் வேண்டும். நம் எல்லோருக்குமே அதுதான் வேண்டும். உன் வேலை உன்னை இழுத்துக்கொள்ளும். குளம்பு அழுகிய மாட்டைக் காட்ட ஆள் வீட்டு வாசலுக்கே வருவார்கள், ஒரு மாதத்தில் நீ எல்லோருக்கும் டாக்டரம்மா ஆகிவிடுவாய், ஜீப்பை விட்டு இறங்கும்போது உன் முகம் அப்படி இருக்கும். அதை நான் பார்த்து மகிழ்வேன். ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால், கரண்ட் போய் வந்து போய் வந்து, பேச ஆளில்லாமல் மாப்பிள்ளை குமார் உட்கார்ந்திருப்பார். ‘அவருக்கு ஓகேதாம்மா, சரின்னு சொல்லிட்டாரு’ என்று நீ சொன்னாய். அந்தச் ‘சரி’யை நான் ஏற்கனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

போன வாரம் குமார் அப்பாவுக்குப் போன் பண்ணினார். உன்னிடம் சொன்னாரா என்று தெரியாது. முதலில் நெட் ஒழுங்காக வருமா, பைக்கை ரயிலில் போடலாமா என்றெல்லாம் கேட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ‘மாமா, உங்களுக்கு அந்த ஊர் பிடிச்சிருக்கா?’ என்று கேட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அதனால் எனக்கும் கேட்டது. அப்பா எழுந்து மாடிப்படிப் பக்கம் போனார்.

‘மாப்ள, பிடிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. நீங்க அவசரப்படாதிய. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு மீனாட்ட வாய விட்டுச் சொல்லிருங்க. அவ கோவப்படுவா, படட்டும். சண்ட போடுங்க. எங்கிட்டயும் வந்து சொல்லுங்க, இங்கன மாடி இருக்கு, ரெண்டு பேரும் உக்காந்து இந்த ஊர வைவோம்.’

அந்தப் பக்கம் குமார் சிரித்தது எனக்குக் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வீட்டைத் தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அப்பா உள்ளே வந்தார். ‘மாப்ளைட்ட நான் சொல்லிட்டேன். ஒம் மகட்ட நீ சொல்லு’ என்றார்.

‘என்னன்னு சொல்ல?’

‘நடந்ததச் சொல்லு.’

‘நீங்க விட்டுட்டுப் போனதயுமா?’

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார். ‘எழுது. போனத எழுதுனா வந்ததயும் எழுதணும்லா.’

எழுதிவிட்டேன். மூன்று பேரும் வாருங்கள்.

அம்மா